லாங் ஐலண்ட் படை

அந்தமானின் லாங் ஐலண்டில் படகுகளுக்குப் பெயர் எழுதிவந்த கிளாரா, மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரும் பத்திரிகை ஒன்றின் படக்கதையை ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டுவாள். கடல் பூதத்தை வேட்டையாடக் கிளம்பிய ஐந்து வீரர்களின் கதை அது. பூதம் ஐவரையும் விழுங்கிய கட்டத்தோடு அந்தப் பத்திரிகையே நின்றுபோனது.

"அப்போ அஞ்சு பேரும் செத்துட்டானுவளா?" என்று மீன்பிடிக்கும் வேதநாயகம் கேட்டுக்கொண்டே இருந்தார். மர மில்லில் வேலைபார்த்த வங்காளி ஹரிபதோ, "ஆகே க்யா ஹுவா, தீதி?" என்று, அப்புறம் என்ன ஆச்சு என்று தெரிந்துகொள்ள, தினமும் வழிமறித்தார்.

கிளாராவுக்குப் பொறுக்கவில்லை. படகுக் கொட்டகையின் சுவரில், கைவசமிருந்த பெயிண்டால் மீதிக் கதையைத் தானே வரைந்தாள். வீரர்களை மீட்க இன்னொரு படையை உருவாக்கினாள். அதில் அதே தீவில் வசித்த தெலுங்குக்காரி லட்சுமம்மா சுக்கான் பிடித்தாள். வேதநாயகம் வலை வீசினார். ஹரிபதோ ரம்பத்தால் பூதத்தின் வயிற்றைக் கிழிக்க, ஐவரும் உயிரோடு வெளியே குதித்தார்கள்.

ஞாயிறன்று கூடிய கூட்டம் சுவரை நெருங்கி, ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துக்கொண்டே வந்தது.

"அரே, யே தோ மை ஹூன்! நான்தான் இது!" என்று ஹரிபதோ சுவரிலிருந்த தன் முகத்தைத் தொட்டுக் கத்தினார். உடனே சீட்டியும் கைதட்டலும் கொட்டகையை அதிரவைத்தன.

"மொதல்லேருந்து சொல்லு தாயி" என்றார் வேதநாயகம், கண்ணைத் துடைத்தபடி.

கிளாரா மறுபடி தொடங்கினாள். இம்முறை அவரவர் கட்டம் வந்ததும் அவரவரே எழுந்து, தத்தம் மொழியில் முழங்கினார்கள். பூதம் விழுந்தபோது கிளாராவின் குரல் யாருக்குமே கேட்கவில்லை. அவளும் அவர்களோடு சேர்ந்து கத்திக்கொண்டிருந்தாள்.