உஷாராணிக்கு மட்டும் நீண்ட சாலை

கிள்ளானில் தையல்காரி உஷாராணியின் வீட்டிலிருந்து பெரியாஸ்பத்திரிக்கு நான்கு கிலோமீட்டராக இருந்த தூரம், 2020ஆம் ஆண்டு மார்ச் பத்தொன்பதாம் தேதி காலையில் பதினொன்றாகிவிட்டது. மற்றவர்களுக்கு அதே நான்குதான். பக்கத்து வீட்டு ஜெயராஜ் அன்று அங்கே போய் இனிப்புநீர் நோய்க்கு மாத்திரை வாங்கிக்கொண்டு முக்கால் மணி நேரத்தில் திரும்பி வந்து, வழியில் ஒரு மாற்றமும் இல்லை என்று எங்கள் தாமான் குடியிருப்பு முழுக்கச் சொன்னான். ஆனால் உஷாராணியின் கணவன் கமலநாதன் துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறவன். இருபத்தாறு வருடத்தில் மீட்டரைத் தவறாகப் படித்ததில்லை. அவன் பதினொன்று என்றால் பதினொன்றுதான்.

நோய் தெரிந்தது ரவிக்கையால். ஊருக்கெல்லாம் அளவெடுத்துத் தைக்கிறவள், டிசம்பரில் தனக்கென்று ஒன்று தைத்துப் போட்டுப் பார்த்தபோது இடது பக்கம் மட்டும் பிடித்தது. பிரித்துத் தைத்தாள். மறுவாரமும் பிடித்தது. துணியில் குற்றமில்லை என்று புரிந்ததும் கிளினிக்குக்குப் போனாள். அவர்கள் கடிதம் கொடுத்துப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மார்பில் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்க ஜனவரியில் தேதி கிடைத்தது. அப்போது அவள் பத்துமலைக்குப் பால்குடம் எடுக்க விரதம் இருந்தாள். முந்தைய வருடம் லோரி கவிழ்ந்தும் கமலநாதன் ஒரு கீறலோடு எழுந்து வந்தானே, அதற்கான நேர்த்திக்கடன். விரத உடம்பில் ரத்தம் சிந்தக்கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். முருகன் அப்படிக் கேட்டானா என்று யாரும் போய் விசாரிக்கவில்லை. தைப்பூசம் முடியட்டும் என்று அவளே போன் போட்டுத் தேதியைத் தள்ளினாள். அப்போதே ஒரு கிலோமீட்டர் கூடியிருக்கும் என்று கமலநாதன் பின்னால் சொன்னான். யாரும் அளந்து பார்க்கவில்லை.

புதுத் தேதி மார்ச் பத்தொன்பது. பதினெட்டாம் தேதி நாடே அடைக்கப்பட்டது. "அக்கா, இப்போதைக்கு வர வேணாம். வார்டெல்லாம் கோவிட்டுக்கு எடுத்துட்டாங்க. நாங்களே கூப்பிடுறோம்," என்று ஒரு தாதி போனில் சொன்னாள். நேரில் போய்க் கேட்டால் மாட்டோம் என்றா சொல்வார்கள் என்று கமலநாதன் மனைவியைக் காரில் ஏற்றிக்கொண்டு போனான். பெட்ரோல் ஸ்டேஷனைத் தாண்டினால் மறுபடி அதே பெட்ரோல் ஸ்டேஷன், அதே ஆள், அதே கையசைப்பு. பதினோரு கிலோமீட்டர் போய்ச் சேர்ந்தவர்களை வாசலிலேயே தன்மையாகத் திருப்பி அனுப்பினார்கள். திரும்பும் வழி நான்கு கிலோமீட்டர்தான். அன்றிலிருந்து எப்போதும் அப்படித்தான், போகும்போதுதான் நீளும். உஷாராணிக்கு அதுதான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ஜூலையில் கோவிட் கொஞ்சம் அடங்கியபோது சதை எடுத்துப் பார்த்தார்கள். அப்போது தூரம் இருபத்தேழு. புற்றுநோய், இரண்டாம் கட்டம், சீக்கிரம் அறுத்து எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். அந்தச் 'சீக்கிரம்' என்ற சொல்லை அவள் பிடித்துக்கொண்டாள். அக்டோபரில் அறுவை சிகிச்சை என்றார்கள். தொற்று கூடியது, தள்ளிப்போனது. ஜனவரி என்றார்கள், மறுபடி அடைப்பு. ஜூன் என்றார்கள், ஜூனில் கிள்ளான் ஆஸ்பத்திரித் தாழ்வாரங்களில் மூச்சு முட்டுகிறவர்களைப் படுக்க வைக்கக்கூட இடமில்லை. ஒவ்வொரு போனுக்கும் சாலை நீண்டது: அறுபது, நூற்று நாற்பது, முந்நூற்று நாற்பது. இரண்டு சிக்னலுக்கு நடுவே செம்பனைத் தோட்டம் முளைத்திருந்தது. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் கமலநாதன் லோரி டயரை உதைத்தான். தனக்காக வேண்டிக்கொண்ட பால்குடத்தை நினைத்து மறுபடி உதைத்தான். உஷாராணி ரவிக்கையின் இடது பக்கத்தை நான்காவது முறை பிரித்துத் தைத்தாள்.

2021 ஆகஸ்டில் தேதி உறுதியானது. முந்நூற்று நாற்பது கிலோமீட்டரும் ஊருக்குள் போகும் சாலை. எல்லாச் சிவப்பு விளக்கிலும் நின்றுதான் போக வேண்டும். புளிச்சோறு கட்டிக்கொண்டு போனவர்கள் மறுநாள் மாலை சேர்ந்தார்கள். புதிதாக ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, எலும்புக்குப் போய்விட்டது, இனி அறுத்துப் பயனில்லை, மருந்து ஏற்றிப் பார்க்கலாம் என்றார். ஏன் இவ்வளவு தாமதம் என்று வாய்தவறிக் கேட்டும்விட்டார்.

"டாக்டர், நான் வந்துக்கிட்டேதான் இருக்கேன்," என்றாள் உஷாராணி. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

மூன்று வாரத்துக்கு ஒரு முறை மருந்து. ஆள் பாதியாகிவிட்டாள். காத்திருக்கும் கூடத்தில்தான் அவளுக்குத் தெரிந்தது, இது தனக்கு மட்டும் வந்த வினை இல்லை என்று. ஜெஞ்சாரோமிலிருந்து வரும் நாகையாவுக்குத் தொண்டையில் கட்டி. அவருக்கு இருநூற்றுப் பத்து. அங்கே யாரும் என்ன நோய் என்று கேட்பதில்லை, எத்தனை கிலோமீட்டர் என்றுதான் கேட்பார்கள். அடுத்த வருடம் ஒரு வெள்ளிக்கிழமை, துணிக்கடை வைத்திருக்கும் மஜீதா என்ற பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஊசி போட்டுப் பார்க்க முதல் தடவை வந்திருந்தாள். தூரம் ஆறு என்றாள். சீட்டில் நம்பர் நூற்றுத் தொண்ணூறு. ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"கடையைத் திறக்கணும் அக்கா. இன்னொரு நாள் வரேன்லா. சின்ன கட்டிதானே."

உஷாராணி அவள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். நாற்பத்திரண்டு என்றிருந்த தன் சீட்டை அவள் கையில் திணித்து, அவளுடையதைப் பிடுங்கிக்கொண்டாள். "இன்னொரு நாள்னு சொல்லாதே. அடுத்தது இதான். ஓடு, உள்ள போ."

கமலநாதனுக்குக் கோபம் தலைக்கேறியது. "உனக்கென்ன பைத்தியமா? நீ எவ்வளவு தூரம் வந்திருக்கே!"

"அவளுக்கு ஆறுதாங்க. ஆறோட நின்னுடட்டும்."

நூற்றுத் தொண்ணூறைக் கூப்பிடும் முன்பே அன்றைய வேலை முடிந்துவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்கள். சாலை ஐந்நூற்று இருபதாகியிருந்தது. செவ்வாய்க்கிழமை காலையிலேயே கமலநாதன் காரில் தலையணையையும் தண்ணீர் கேனையும் ஏற்றினான். எங்கள் தாமானில் யாரும் ஏன் இத்தனை சீக்கிரம் என்று கேட்கவில்லை. மழை வரும்போலிருக்கிறது, குடை எடுத்தாயிற்றா என்று மட்டும் ஜெயராஜ் கேட்டான்.