தாழ்ந்த வளைவு

செம்மண்டலத்து மரவாடி முதலாளி ரஃபியுதீன் 1964-இல் கல்யாண மண்டபம் கட்டினார். அரைவட்டமாக வரைந்திருந்த கூரை வளைவைத் தாழ்த்தச் சொன்னார்.

"தட்டையான வளைவு சுவத்த வெளிய தள்ளும் பாய். குறுக்கே இரும்புக் கம்பி இருந்தாதான் தாங்கும்" என்றார் இன்ஜினியர் ஞானசேகரன்.

ரஃபியுதீன் மகளின் நிக்காஹ் அன்று ஞானசேகரன் மண்டபத்துக்குள் அண்ணாந்து பார்த்தார். அலங்காரத்துக்கு இடைஞ்சலென்று கம்பிகளை அறுத்திருந்தார்கள். கூரையோரம் விரிசல் விட்டு, சாப்பாட்டுத் தட்டுகளில் சுண்ணாம்பு உதிர்ந்தது.

"எல்லாரையும் வெளிய அனுப்புங்க பாய்."

"நிக்காஹ் முடியட்டும் சார்" என்றார் ரஃபியுதீன்.

திரைக்குப் பின்னாலிருந்த மணமகள் சுல்தானா எழுந்தாள். "நான் போறேன் வாப்பா."

பெண்கள் அவள் பின்னால் நடந்தார்கள். ஆண்களும் வெளியேறினார்கள். "நான் கட்டுன கூரை விழாது" என்று ரஃபியுதீன் மட்டும் நடுக்கூடத்தில் நின்றார். மகள் வாசலிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தபோது, சுவர்கள் மெல்ல வெளியே சாய்ந்தன. கூரை அவர்மேல் இறங்கியது.