தையற்காரர் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை

திரையில் நின்ற துப்பறிவாளர் தையற்காரரின் மனைவியைப் பார்த்து வணக்கம் சொன்னபோது, அரங்கில் தையற்காரர், அவர் மனைவி, அவளுடைய அண்ணனான பல் வைத்தியர், படம் ஓட்டுகிறவர், டிக்கெட் கிழிக்கும் இருமல்காரர் ஆகிய ஐவரும் இருந்தார்கள். அவளும் எழுந்து பதில் வணக்கம் சொன்னாள். வணக்கத்துக்குப் பதில் சொல்லாமல் இருப்பது இந்தக் குடும்பத்தில் வழக்கமில்லை.

சினிமா பேசத் தொடங்கிய புதிதில் எடுத்து, எல்லோரும் மறந்துபோன கொலைப் படம் அது. ஒலிவாங்கியைப் பூச்சாடிக்குள் ஒளித்து வைத்திருந்ததால், செத்தவரின் உறவினர்கள் பூச்சாடியிடம் குனிந்துதான் அழுதார்கள். கடைசிச் சுருள் தொலைந்துவிட்டது. கொலைகாரன் யாரென்று தெரியாது. அவளை இழுத்தது அதுதான். ஞாயிறுதோறும் போய், ஒரு வாரம் சமையல்காரியை, மறுவாரம் மருமகனை என்று சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தாள். துப்பறிவாளரின் மௌனத்துக்கு மட்டும் ஆயிரம் அர்த்தம் சொன்னாள். தையற்காரருக்கு வயிறு எரிந்தது.

அன்று வீடு திரும்பும் வழியில், "என்னை ஒருநாளாவது இப்படிச் சந்தேகப்பட்டிருக்கியா?" என்று கேட்டேவிட்டார்.

"உங்ககிட்ட என்னங்க இருக்கு சந்தேகப்பட? சட்டைப்பைய உதறினா நூல்தான் விழும்."

"ஆமா மாப்பிள்ளை, உங்க வாயில ஒரு சொத்தைப் பல்கூடக் கிடையாது. நானே பார்த்துட்டேனே" என்றார் பல் வைத்தியர்.

அடுத்த ஞாயிறு, துப்பறிவாளர் மறுபடி அவள் பக்கம் திரும்பியதும் தையற்காரர் எழுந்தார். வாசற்படியைத் தாண்டுவதுபோல் திரையின் கீழ்விளிம்பைத் தாண்டி உள்ளே போனார். துப்பறிவாளருடைய கோட்டின் இடது தோளைத் தொட்டுக் காட்டி என்னவோ சொன்னார். ஆனால் ஆத்திரத்தில் பூச்சாடியை மறந்துவிட்டார். அரங்கில் ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. துப்பறிவாளர் முகம் வெளுத்து, கோட்டைக் கழற்றிக் கொடுத்தார்.

"என்னண்ணா சொன்னாரு?" என்றாள் அவள், இருக்கை நுனிக்கு வந்து.

தையற்காரர் சில ஆண்டுகள் உள்ளேயே, ஜன்னல் திரைச்சீலையருகே கோட்டுடன் நின்றார். அவள் முதல் வரிசைக்கு மாறி, அவரை மட்டுமே சந்தேகப்பட்டாள். பிறகு ஒரு ஞாயிறு வெளியே வந்தார், உடம்பெல்லாம் சாம்பல் நிறமாக. இன்றும் அவள் சோறு போடும்போது கேட்கிறாள், "அன்னிக்கு என்னதாங்க சொன்னீங்க?" அவர் மேசைமேல் இருக்கும் பூச்சாடியைத் தள்ளி வைத்துவிட்டுச் சாப்பிடுகிறார்.

அவள் துப்பறிவாளரோடு ஓடிப்போனதாக ஊரில் ஒரு பேச்சு உண்டு. பொய். அந்தப் படத்திலிருந்து வந்தது கோட்டு ஒன்றுதான். கடையில் தொங்குகிறது. இடது தோள் இப்போது சரியாக இருக்கிறது.