குன்று இறங்கி வந்த அம்மி

இந்தக் கதையில் ஒரு திருட்டு உண்டு, நாலைந்து பொய் உண்டு, கல்லறைகூட ஒன்று உண்டு. ஆனால் யாரும் சாகவில்லை கண்ணுகளா, பயப்படாமல் கேளுங்கள்.

சைகோனில் டோங் டு தெருப் பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு சந்து. ஐம்பத்தெட்டாம் வருஷம் அந்தச் சந்தில் குடியிருந்தாள் காரைக்கால் மாதலேன். அந்த ஊரில் எது கிடைக்காவிட்டாலும் பொறுத்துக்கொண்டவள் அவள், அம்மி இல்லாததை மட்டும் பொறுக்கமாட்டாள். அங்கே எதையும் உரலில் போட்டு இடிப்பார்கள். இடித்த தேங்காயும் அரைத்த தேங்காயும் ஒன்றாகுமா?

அக்காளின் புலம்பல் தாங்காமல், லாரி ஓட்டும் தம்பி ஜூல் நாலு வருஷத்துக்கு முன் ஒரு கருங்கல்லைக் கொண்டுவந்து இறக்கினான். நல்ல நீளம், சதுரமாக இழைத்த கல். "கல்லுடைக்கிற இடத்துல சொல்லிச் செஞ்சேன்க்கா" என்றான். ஒரு முனையில் என்னவோ செதுக்கியிருந்தது. மாதலேன் அந்த முனையைச் சுவரோரம் தள்ளிப் போட்டாள். கல்லறைக் கல் செதுக்கும் ஓங் பையைக் கூப்பிட்டுக் கொத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு சந்துத் தமிழ்ப் பெண்களுக்கெல்லாம் அதுதான் அம்மி. மாதலேன் அக்காள் முறையில் 'லாத்தா' என்று கூப்பிடும் நஜ்முன்னிசா கறி மசாலாவோடு வருவாள், செட்டிவீட்டு ராக்கம்மை துவையலோடு வருவாள். மாதலேன் மகாராணி போல முக்காலியில் உட்கார்ந்து, "சரி, அரைச்சுக்குங்க" என்பாள்.

அவள் புருஷன் கப்ரியேல் நில அளவை ஆபீசில் படம் வரைந்து ஓய்வு பெற்றவர். மலையுச்சிகளில் பிரெஞ்சுக்காரர் நட்ட சர்வே கல் ஒவ்வொன்றுக்கும் வரைபடத்தில் ஒரு சின்ன முக்கோணம் போடவேண்டும். முப்பது வருஷம் முக்கோணம் போட்டவர், ஒரு கல்லையும் கண்ணால் கண்டதில்லை. அந்தக் குறை தீர இப்போது ஞாயிறு தோறும் பூசை முடிந்ததும் பஸ் ஏறிவிடுவார். ஏதாவது ஒரு குன்றில் முள் கிழித்த கால்சட்டையோடு கல்லைத் தேடிப்பிடித்து, தடவிக் கொடுத்துவிட்டு வருவார். அன்றைக்கு அவருக்கு இடியாப்பம் அவித்து மாளாது.

ஒரு ஞாயிறு தொங்கின முகத்தோடு வந்தார்.

"பின் யுவோங் ஊருக்குப் போற வழிக் குன்றுல கல்லைக் காணோம் மாதலேன். உச்சி முழுக்கப் புதர்தான்."

"கால் முளைச்சு நடந்துபோயிருக்கும்" என்றாள் அவள், சட்னிக்கு அரைத்தபடியே.

"விளையாடாதே. எவனோ எடுத்திருக்கான். சதுரமா இழைச்ச கருங்கல்லு. தலையில கூட்டல் குறி, அதுக்குக் கீழ 1912. எங்க கண்டாலும் என் தோள்ல தூக்கியாவது அங்கயே கொண்டு நடுவேன்!"

மாதலேன் கையிலிருந்த குழவி நின்றுவிட்டது. சுவரோரம் தள்ளிப் போட்ட முனையில் இருந்தது அதுதான். கூட்டல் குறி, 1912. கப்ரியேல் அப்படிச் செய்யக்கூடியவர். சாமியார் லத்தீனில் தடுமாறினாலே பூசை நடுவில் எழுந்து திருத்துகிறவர் அவர்.

மறுநாள் ஜூலைப் பிடித்தாள்.

"அது சும்மாத்தான்க்கா நின்னுச்சு. ஒரு வேலையும் செய்யலை" என்றான் ஜூல். "கீழ கல்லுடைக்கிறவங்களுக்கு பியர் வாங்கிக் குடுத்து உருட்டிட்டு வந்தேன்."

"திருட்டு அம்மியிலயாடா நாலு வருஷமா சாமியாருக்கு மீன் குழம்புக்கு அரைச்சேன்!"

"ரெண்டாந்தரம் கேட்டு வாங்கித் தின்னாரே, பாவத்துல பாதி அவருக்கு."

மசாலாக் கிண்ணத்தோடு வாசலில் நின்ற நஜ்முன்னிசாவுக்கு எல்லாம் காதில் விழுந்துவிட்டது. "அம்மியை மட்டும் குடுத்துராத புள்ள" என்றாள். "வேற கல்லு ஒண்ணு செஞ்சு அங்க வச்சிரு. மலைக்கு என்ன தெரியப்போவுது?"

"புதுக் கல்லுன்னு தெரிஞ்சிராதா லாத்தா?"

"சேத்தையும் மீன் சாறையும் குழைச்சுப் பூசு. நாலு நாள்ல நூறு வயசாயிரும்."

மாதலேன் ஓங் பையிடம் போய், "தலையில ஒரு சிலுவை, கீழே 1912, வேறொன்றும் வேண்டாம்" என்று அவர் பாஷையிலேயே சொல்லிவிட்டு வந்தாள். செதுக்கி வந்த புதுக் கல்லை ஜூல் சாக்கில் கட்டி எடுத்துப் போய், புதரை வெட்டி, உச்சியில் நட்டு, சேற்றைப் பூசிவிட்டு வந்தான்.

"சிலுவை சரியா இருக்காடா?"

"நீ கேட்டதுக்கு மேலயே இருக்குக்கா."

அந்தப் பேச்சை அப்போதே அவள் கவனித்திருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு, "இன்னொரு தரம் பாத்துருவோம், நானும் வரேன்" என்று அவளே கிளம்பினாள். கண்ணாடி முன் நின்று ஆச்சரியப்பட்டுப் பழகியும் வைத்திருந்தாள். சேலையைத் தூக்கிச் செருகி, மூச்சு வாங்க உச்சிக்கு ஏறிப் பார்த்தால், முன்னே போன கப்ரியேல் தொப்பியைக் கழற்றிவிட்டு முழங்காலில் நிற்கிறார்!

எட்டிப் பார்த்தாள். ஓங் பை நல்ல மனுஷர். வெறும் சிலுவை செதுக்க அவருக்கு மனம் வரவில்லை. சிலுவைக்கு அடியில் மூன்று படி, இரண்டு பக்கமும் குருத்தோலை, 1912க்கு மேலே இறக்கை விரித்த ஒரு சின்ன சம்மனசு, எல்லாம் காசு வாங்காமல் செய்துகொடுத்திருந்தார். சம்மனசின் மூக்கில் எறும்பு மொய்த்தது. மீன் வாடை வேறு.

மாதலேனுக்குப் பழகாமலே ஆச்சரியம் வந்தது.

"நம்ம வேதக்காரன் ஒருத்தன் கல்லறை, மாதலேன்" என்றார் கப்ரியேல். "கல்லு நட வந்த இடத்துல செத்திருக்கான். பாவம், பேருகூடப் போடலை. போன வாரம் புதர்ல தெரியாம போச்சே!"

இறங்கி வந்தவர் வாயை மூடவில்லை. காப்பிக்கடையில் பாண்டிச்சேரிக்காரர்கள் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார்கள். வருகிற ஞாயிறு எல்லோருமாகக் குன்றேறுவது, சாமியார் வந்து செபம் சொல்லிக் கல்லறையை மந்திரிப்பது என்று முடிவாயிற்று. சனிக்கிழமை காலை கப்ரியேல் மண்வெட்டியோடு புறப்பட்டார்.

"எதுக்குங்க அது?"

"ஒரு சட்டைப் பித்தான் கிடைச்சாக்கூட ஆளு யாருன்னு கண்டுபிடிச்சிரலாம்."

அவளும் கூடவே ஓடினாள். உச்சியில் நாலு வெட்டு விழுந்ததும் அவளால் அடக்க முடியவில்லை.

"தோண்டாதீங்க. உள்ள யாரும் இல்லை."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"இருந்தா ஜூல் சொல்லியிருப்பான்."

அதற்கு மேல் மறைக்க என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் சொன்னாள். அம்மியை, பியரை, சேற்றை, ஓங் பையின் தாராளத்தை. கப்ரியேல் அந்தச் சம்மனசின் தலைமேலேயே கையூன்றி உட்கார்ந்துவிட்டார்.

"நான் ஊரூராத் தேடின கல்லு... அதுல பூண்டா அரைச்சே?"

"பூண்டு, மிளகா, எல்லாந்தான்."

"ஜூலை லாரி எடுத்துட்டு வரச்சொல்லு. நாளைக்கே அந்தக் கல்லு குன்று மேல ஏறணும்."

அம்மி போயிற்று என்றே அவளுக்குத் தோன்றிவிட்டது. கண்ணில் தண்ணீர் முட்டியது. ஆனாலும் காரைக்கால்காரி அல்லவா? மூக்கைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"ஏத்திருவோங்க. நாளைக்குத்தான் சாமியாரும் காப்பிக்கடை ஆளுங்களும் வராங்களே, அவங்க முன்னாலயே ஏத்துவோம். என்னான்னு கேட்டா உள்ளதைச் சொல்லுங்க. எல்லாரும் தொப்பியைக் கழட்டினது ஓங் பை போன வாரம் செதுக்கின கல்லுக்குன்னு. தேடின கல்லு என் அடுப்படியிலதான் கிடந்துச்சு, தினமும் அதுல அரைச்ச சட்னியைத் தின்னேன், ஆனா எனக்குத் தெரியலைன்னு."

கப்ரியேல் ஒரு தரம் சைகோன் இருக்கும் திசையைப் பார்த்தார். பிறகு எழுந்து, வெட்டிய மண்ணைக் குழியில் தள்ள ஆரம்பித்தார்.

"சும்மா நிக்கிறியே" என்றார். "அந்தப் பக்கத்து மண்ணை நீ மிதி."

மிதித்தாள், நன்றாகவே மிதித்தாள். ஆனால் வெறுங்குழிக்குச் சாமியாரை மந்திரிக்க விடுவது மனசை அரித்தது. ஞாயிறு விடியற்காலம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழங்காலிட்டு, சாமியாரிடம் எல்லாப் பாவத்தையும் சொன்னாள். தட்டிக்கு அந்தப் பக்கம் சாமியாருக்குத் திடீரென்று இருமல் வந்தது. இருமல் அடங்க நேரமாயிற்று. மூன்று செபமாலை அபராதம் போட்டார். மீன் குழம்பை நிறுத்தவேண்டும் என்று ஒன்றும் சொல்லவில்லை.

அன்று குன்றின் மேல் எல்லோரும் தலை குனிந்து நிற்க, சாமியார் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. "இங்கே இல்லாத ஆத்துமாக்கள் எல்லோருக்காகவும் வேண்டிக்கொள்வோம்" என்றார், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல். "ஆமென்" என்று ஓங்கிச் சொன்னது கப்ரியேல்தான்.

திங்கட்கிழமை அவர் திசைகாட்டியும் கையுமாக அடுப்படிக்குள் வந்தார்.

"நிக்கவேண்டிய கல்லைப் படுக்கப் போட்டிருக்கே. வடக்குப் பாத்தாவது படுக்கட்டும்."

அம்மி தப்பியதே பெரிது என்று மாதலேன் முக்காலியை நகர்த்தி இடம் விட்டாள். ஜூலும் அவரும் சேர்ந்து நெம்பித் திருப்பினார்கள். கல் அடுப்படிக்குக் குறுக்கே கோணலாகக் கிடந்தது. உப்பு எடுக்கக்கூட ஒரு சுற்று சுற்ற வேண்டியதாயிற்று.

மத்தியானம் மசாலாவோடு வந்த நஜ்முன்னிசா அதில் காலை இடித்துக்கொண்டாள்.

"யா அல்லா! என்ன புள்ள இது, நடுவழியில?"

"மலை லாத்தா" என்றாள் மாதலேன். "சுத்தித்தான் வரணும்."