எழுதாமல் விட்ட வலக்கை

கிருசிகா இந்தக் காலத்து இசையமைப்பாளர்தான். ஆனால் முந்நூறு வருடத்துக்கு முந்திய ஐரோப்பிய பரோக் முறையில்தான் எழுதுவாள். அந்த முறையில், பியானோவுக்கு மூத்த ஹார்ப்சிகார்டு என்ற வாத்தியத்துக்கு இடக்கைச் சுரங்களை மட்டும் எழுதினால் போதும். வலக்கையை, வாசிப்பவர் அந்தந்த நேரம் தானே நிரப்பிக்கொள்வார்.

சுவிஸ் நகரமான பீலில் அவர்கள் வீட்டில் அதை நிரப்பியவன் அவள் கணவன் நிலன். ஒருநாள் வாசித்ததை மறுநாள் வாசிக்க மாட்டான். நன்றாக வந்ததையாவது குறித்து வைப்போம் என்று அவள் பென்சிலை எடுத்தால், "எல்லாத்தையும் நீரே எழுதினா நான் என்னத்துக்கு?" என்று பறித்துவிடுவான். ஒத்திகைதானே என்று பதிவும் செய்யவில்லை. அவள் எழுதிய புதிய இசை அரங்கேறுவதற்கு முன்பே, மாசியில், மாரடைப்பு அவனைக் கொண்டுபோய்விட்டது.

வைகாசியில் நடந்த அரங்கேற்றத்தில் அவனுடைய இடத்தில் ஒரு சுவிஸ் பெண் உட்கார்ந்து, வலக்கையைத் தன் போக்கில் நிரப்பினாள். பாழாய்ப்போன வாசிப்பு அவ்வளவு அழகாக இருந்தது. கேட்கக் கேட்கக் கிருசிகாவின் காதில் நிலன் வாசித்ததைத் தள்ளிவிட்டு அதுவே வந்து குடியேறியது.

முடிந்ததும் நிலனின் தாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்பிடியே நிலன் வாசிச்ச மாதிரி இருந்தது, என்ன பிள்ளை?"

"ஓம் மாமி," என்றாள் கிருசிகா. இல்லை என்று சொல்வதற்கு அவளிடம் அவனுடைய ஒரு சுரம்கூட மிஞ்சியிருக்கவில்லை.