நங்கூரத்துக்குக் கீழே ஒரு புள்ளி

கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டு, துறைமுகத்தில் அருங்காட்சியகமாக நிற்கிற அந்தப் பழைய கப்பலின் புகைப்படங்களுக்கெல்லாம் பொறுப்பு அவள்தான். பெட்டி பெட்டியாகக் கிடந்த நெகட்டிவ்களை ஸ்கேன் செய்து, உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் ஏற்றியிருந்தாள். "கண்ணாடி மாதிரி இருக்கும்மா, ஒரு பொட்டுத் தூசி இல்ல" என்று மேலாளர் சொன்னபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பின்னே? ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கி, புள்ளி புள்ளியாகத் தூசியைத் துடைத்தவள் அவள்தானே!

அவளைவிடப் பெருமை அப்பாவுக்கு. மகளை நினைத்து மட்டுமல்ல, தன்னை நினைத்தும்தான். வாலிபத்தில் அந்தக் கப்பலுக்குப் பெயிண்ட் அடித்தவர் அவர். "பலகையில தொங்கிக்கிட்டு அடிச்சிட்டிருந்தேன். ஒருத்தர் படகுல வந்து போட்டோ எடுத்தார். நானும் அதுல இருக்கேன்" என்று கல்யாண வீடு, ஆஸ்பத்திரி வராந்தா என இடம் பார்க்காமல் சொல்லுவார். அந்த போட்டோவைத்தான் ஒருவரும் கண்ணால் கண்டதில்லை. அதனால் வீட்டில் அவருக்குப் பெயரே 'கேப்டன்'. வைத்தவர் அக்காவின் கணவர். அத்தானுக்கு வாய் சும்மா இருக்காது.

அந்த இணையக் கண்காட்சி திறந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு டிவிக்கு முன்னால் உட்கார்ந்தார். எதிர்வீட்டுக்காரரையும் கூப்பிட்டாயிற்று. அவள் டிவியில் முகப்புப் படத்தைத் திறந்ததுமே துள்ளி எழுந்தார்.

"இதேதான்! நங்கூரத்துக்குக் கீழ பாருங்க!"

போய்த் திரையில் விரலையும் வைத்துவிட்டார். விரல் வைத்த இடத்தில் வெள்ளை இரும்புதான் பளபளத்தது. ஆள் இல்லை.

அத்தான் விடுவாரா? "கேப்டன் டீ குடிக்க இறங்கிட்டார் போல, மாமா!"

எல்லோரும் சிரித்தார்கள். எதிர்வீட்டுக்காரர் மரியாதைக்காக இருமினார். அப்பா மட்டும் விரலை எடுக்கவில்லை. "இங்கதான் இருந்தேன்" என்றார், சன்னமாக. ஆயுள் முழுக்கச் சொன்ன வார்த்தை ஒரே நிமிஷத்தில் பொய்யாகிப் போன முகம் அது. அவளுக்குப் பார்க்கவே பொறுக்கவில்லை.

அப்போதுதான் சுருக்கென்றது. அடக் கடவுளே, தூசி!

ஓடிப்போய் லேப்டாப்பை எடுத்து வந்தாள். கை வைப்பதற்கு முந்தைய ஸ்கேன் எல்லாம் பத்திரமாக இருந்தது. அதே படம். நங்கூரத்துக்குக் கீழே கடுகளவு கறுப்புப் புள்ளி. பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். கயிறு தெரிந்தது, பலகை தெரிந்தது, பலகையில் இரண்டு கால்கள் தொங்கின. கையில் பிரஷ்ஷோடு ஒருத்தன் கேமராவைத் திரும்பிப் பார்த்து முப்பத்திரண்டு பல்லும் தெரிய இளித்துக்கொண்டிருந்தான்.

"அப்பா... தூசின்னு நெனச்சு நான்தான் உங்களைத் துடைச்சிட்டேன்" என்றாள்.

"பெத்த அப்பனைத் துடைச்சிட்டியா? நல்ல பொண்ணும்மா நீ!" என்றவருக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்தே வந்தன. "மாப்பிள்ளை, இங்க வாங்க. இது யார் மூக்கு, சொல்லுங்க?"

அத்தான் திரையைப் பார்த்தார், மாமனாரைப் பார்த்தார். "உங்க மூக்குதான் மாமா" என்றார். மெதுவாகத் தன் போனை எடுத்துத் திரையைப் படம் பிடித்துக்கொண்டார்.

அவள் அங்கிருந்தே மேலாளரைக் கூப்பிட்டாள். "சார், முகப்புப் படத்துல ஒரு ஆளையே அழிச்சிட்டேன். பழைய படத்தையே போடறேன், தூசியோட." அவர் சரி என்றதும் படத்தை மாற்றிவிட்டு, விளக்கக் குறிப்பில் அப்பாவின் பெயரை அடித்தாள். அந்த இடத்தில் இதுவரை கேப்டன்கள் பெயர் மட்டும்தான் இருந்தது.

"இனிஷியலோட போடு" என்று அப்பா அதட்டினார். பிறகு நாற்காலியை அருகில் இழுத்துக்கொண்டார். "படத்தைக் கொஞ்சம் கப்பலோட பின்பக்கமா தள்ளு. இன்னும்... நிறுத்து."

அங்கே இன்னும் இரண்டு புள்ளிகள்.

"இவன் பாடிக்கிட்டே அடிப்பான். அந்தக் கடைசிப் பலகைக்காரனுக்கு நீச்சலே தெரியாது, அப்பவும் தொங்குவான்." அப்பா இரண்டு பெயர்களையும் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். "எழுதிக்கோம்மா. அவங்க வீட்லயும் யாரும் நம்பியிருக்க மாட்டாங்க."