வீரநாதன் வாய் திறந்த வாரம்

வாசகர்கள் எனக்குச் செய்த ஒரே கைம்மாறு திட்டுவதுதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருடம் அது. தமிழர்கள் குடியேறிய பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். அங்கிருந்து சனிக்கிழமைதோறும் வெளிவந்த பத்திரிகையில் மதுரை நாயக்கர் காலத்துத் துப்பறியும் தொடர் ஒன்றையும் எழுதிவந்தேன். கோட்டைக் காவல் தலைவன் வீரநாதனும் அரண்மனை வைத்தியர் மகள் செண்பகவல்லியும் சேர்ந்து கொலை, களவு எல்லாவற்றையும் கண்டுபிடிப்பார்கள். ஒரு கதை முடிந்தால் அடுத்த கதை. பட்டத்து யானைக்கு விஷம் வைத்தவன் பிடிபட்டுவிட்டான். காணாமல் போன முத்துமாலையும் கிடைத்துவிட்டது. ஆனால் ஒருவர்மேல் ஒருவர் உயிரையே வைத்திருந்த அந்த இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. மூன்றாவது கதையில் அவள் விளக்கை நீட்டியபோது அவன் விரல் பட்டது. அதோடு சரி. அதற்கே, எப்போதுதான் சேர்வார்கள் என்று திட்டி, கிள்ளான், காஜாங் என்று சுற்றுவட்டார ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்து குவிந்தன. கொலைகாரன் யார் என்று மண்டையை உடைத்துக்கொண்டு நான் எழுதுவேன். அதைப் பற்றி ஒரு ஜீவனும் கேட்காது.

ஆகவே அந்தப் புதன்கிழமை காலையில், எண்ணெய்க் கறை படிந்த காக்கிச் சட்டையோடு ஒருவர் வாசலில் நின்று, "வீரநாதன் எப்பங்கய்யா அந்தப் புள்ளகிட்ட சொல்லுவான்?" என்று கேட்டபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது.

"காத்திருந்து படிங்க," என்றேன்.

"நான் காத்திருப்பேங்க. என் சம்சாரத்தால முடியாது."

அவர் பெயர் கன்னையா. ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். மனைவி நல்லம்மாள் பெரியாஸ்பத்திரியில் கிடந்தாள். வயிற்றில் கட்டி. அறுத்துப் பார்த்த டாக்டர் அப்படியே தைத்து மூடிவிட்டு, கன்னையாவைத் தனியே கூப்பிட்டு, இனி நாட்கணக்குத்தான் என்று சொல்லிவிட்டார். உள்ளே வெறும் புண், அது ஆறி வருகிறது என்று மனைவியிடம் இவர் சொல்லிவைத்திருந்தார்.

"அவளுக்குத் தெரியவே கூடாதுங்க. தெரிஞ்சா பயந்தே செத்துருவா," என்றார். "எங்களுக்குப் புள்ளகுட்டி இல்ல. சனிக்கிழமையானா பாசாருக்குச் சாமான் வாங்கப் போறதக்கூட விட்டுட்டு உங்க பேப்பருக்கு நிப்பா. வந்து எனக்குச் சத்தமாப் படிச்சுக் காட்டுவா. அவங்க ரெண்டு பேரும் சேந்துட்டாங்கன்னு பாத்துட்டாவது போகட்டுங்கய்யா."

"சேந்துட்டாங்கன்னு நீங்களே சொல்லிடுங்களேன்."

"சொன்னேங்க. சிரிக்கிறா. அச்சுல பாத்தாத்தான் நம்புவா."

வீரநாதன் எப்போது சொல்வான் என்று எனக்கே தெரியாது. இன்னும் இரண்டு கதைக்காவது இழுக்கலாம் என்று நினைத்திருந்தேன். ஆனால் அந்த மனிதர் தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டு நின்ற நிலையைப் பார்த்தபின் எப்படி மறுப்பது? உட்கார்ந்து எழுதினேன். கோட்டைச் சுவர் ஓரமாக நின்று வீரநாதன் தன் மனத்தில் இருந்ததையெல்லாம் செண்பகவல்லியிடம் கொட்டினான். அச்சுக் கோக்கும் சின்னையா எதற்கும் முணுமுணுக்கிறவர். அன்று கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு வாயைத் திறக்காமல் எழுத்துக் கோத்தார். மத்தியானம் ஒரே ஒரு தாள் அச்சாகி வந்தது. படிக்கிறவள் முகத்தைப் பார்க்கவேண்டும் என்ற ஆசையில் நானும் கன்னையாவோடு கிளம்பினேன்.

நல்லம்மாள் கட்டிலில் தலையணைகளுக்கு நடுவே சாய்ந்திருந்தாள். உடம்பில் ஒன்றுமே மிச்சமில்லை. கண் மட்டும் துருதுருவென்று இருந்தது.

"இவருதான் கதை எழுதுறவரா?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "வீரநாதன் மாதிரி நல்ல உசரமா இருப்பீங்கன்னு நெனச்சேன்."

கன்னையா தாளை அவள் கையில் கொடுத்தார். "இந்த வாரம் வரப்போறது. ஐயா உனக்காக முன்னாடியே கொண்டுவந்திருக்காரு."

அவள் படித்தாள். வீரநாதன் பேசுகிற இடம் வந்ததும் மெதுவாகப் படித்தாள். திரும்ப மேலே போய் இன்னொரு தடவை படித்தாள். எனக்கு உள்ளுக்குள் பெருமை பொங்கியது. பிறகு தாளைத் திருப்பினாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"வழக்கமாப் பின்னாடி இருக்குமே, அந்தத் தைல விளம்பரத்தக் காணோமே," என்றாள்.

"அது சனிக்கிழமைதாம்மா ஏறும்," என்றேன்.

"சரி, விளம்பரத்த விடுங்க. மூணு வருசமா இந்த வீரநாதன நான் பாக்கிறேன். பட்டத்து யானை செத்தப்பவும் பேசல, அவளப் பாம்பு கடிச்சப்பவும் பேசல. இப்ப ஒரு காரணமும் இல்லாம சுவத்தோரமா நின்னு கொட்டுறான்." அவள் கணவர் பக்கம் திரும்பினாள். "எனக்கு நேரம் இல்லன்னுதானே இவன் அவசரப்படுறான்?"

"சேச்சே, என்ன புள்ள பேசுற? புண்ணு ஆறிக்கிட்டுதான்..." கன்னையா சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"முகத்தக் கழுவிட்டு வரேன், கழுவிட்டு வரேன்னு குழாயடிக்குப் போறீங்களே, அது இதுக்குத்தானா?"

அவர் கட்டில் விளிம்பில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். அக்கம்பக்கத்துக் கட்டில்காரிகள் எழுந்து உட்கார்ந்து பார்த்தார்கள். நல்லம்மாளும் அழுதாள். வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு, வயிறு வலிக்க வலிக்க அழுதாள். கதையில் எத்தனை பேரைக் கொன்றிருக்கிறேன், ஒருவனுக்காகவும் நான் அழுததில்லை. அன்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். நல்லது செய்யப் போய், மறைத்து வைத்த சாவை நானே அச்சடித்துக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் அவள். "இத்தன நாளும் இத ஒத்தையில சுமந்தீங்களே. ரெண்டு பேருமா அழுதிருக்கலாம்."

"எப்படிச் சொல்றது புள்ள? வாய் வரல."

அவள் அவர் தலைமயிரைக் கோதிவிட்டாள். பிறகு என்னைக் கூப்பிட்டுத் தாளை நீட்டினாள்.

"இதப் போட்டுடாதீங்கய்யா. அவங்க மெதுவாவே வரட்டும். படிக்கிறவங்களுக்கு நாள் இருக்குல்ல."

என் எழுத்தில் யாராவது ஒரு காற்புள்ளியைக் குறை சொன்னாலும் சண்டைக்குப் போகிறவன் நான். பேசாமல் வாங்கி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

பார்வை நேரம் முடிந்தது என்று மணி அடித்தார்கள். எல்லாரும் எழுந்து போனார்கள். கன்னையா எழுந்திருக்கவில்லை.

"பயமா இருக்கா?" என்று அவளிடம் கேட்டார்.

"இருக்கு," என்றாள் நல்லம்மாள். "ரொம்ப இருக்கு. நீங்க போகாதீங்க."